பர்ஸைத் திறக்கும் முன் மீட்டரை எடுங்கள்

கேள்வி: பைக்கில் பேட்டரி மாற்றி எட்டு மாதம்தான் ஆகிறது. பத்து நாள் எடுக்காமல் நிறுத்தினால் செல்ஃப் பிடிப்பதில்லை. 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. கிக்கரை உதைத்தால் கிளம்பிவிடுகிறது. "பேட்டரி போய்விட்டது, புதிது போடுங்கள்" என்கிறார் மெக்கானிக். வாரன்டி கேட்டுப் போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பேட்டரி போய்விட்டது என்று சொன்னவர், அது ஏன் போனது என்று சொல்லவில்லையே! காரணம் தெரியாமல் புதிது போட்டால் அடுத்த எட்டாவது மாதம் இதே கேள்வியை எனக்கு மறுபடியும் அனுப்புவீர்கள். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். மூன்று அளவுகளை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வண்டி ஓர் இரவு முழுக்க ஓய்ந்து நின்ற பிறகு டெர்மினல்களில் உள்ள வோல்ட். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் ஏறக்குறைய முக்கால். 12-க்கும் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, செல்ஃப் பொத்தானை அழுத்தும்போது. நிறைந்த பேட்டரி அப்போதும் 10 வோல்ட்டை ஒட்டித் தாக்குப்பிடிக்கும். ஓய்வில் 12.7 காட்டிவிட்டு அழுத்தியதும் 8-க்குச் சரிந்தால் பேட்டரியின் உள்ளே கோளாறு. வோல்ட் அசையவே இல்லை, ஒரு 'டிக்' மட்டும் கேட்கிறது என்றால் குற்றவாளி பெரும்பாலும் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரம் விடும் ரிலேயோ, தளர்ந்த வயரோ, அந்த மோட்டாரோ. பேட்டரி வாங்குவது வீண். மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது ஆக்சிலரேட்டரைச் சற்று முறுக்கிப் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். 12.5-லேயே நின்றால் வண்டி பேட்டரிக்குச் சோறு போடவில்லை. 15-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்றும் சரியாக இருந்தும் பத்து நாளில் இறங்குகிறதா? திருட்டு அலாரம், ஜி.பி.எஸ். டிராக்கர், போன் சார்ஜர் என்று பின்னால் எதையாவது பொருத்தினீர்களா என்று யோசியுங்கள். சாவியைக் கழற்றிய பிறகும் 20 மில்லி ஆம்பியர் உறிஞ்சும் கருவி ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர்-மணி குடிக்கும். பத்து நாளில் 4.8. உங்கள் பேட்டரியின் கொள்ளளவு 5 ஆம்பியர்-மணி என்றால் கணக்கு அங்கேயே முடிந்தது. இப்படிக் காலியாகக் கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்ஃபேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. வாரக்கணக்கில் நிறுத்துவதானால் மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்து, பிளஸில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

வாரன்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான். சார்ஜ் இறங்கியதற்கு அல்ல. கடையில் வெறுமனே வோல்ட் பார்த்துத் திருப்பி அனுப்ப விடாதீர்கள். முழுதாக சார்ஜ் ஏற்றி, அதன்பின் லோடு டெஸ்ட் (பாரம் கொடுத்து வோல்ட் எவ்வளவு சரிகிறது என்று பார்ப்பது) செய்யச் சொல்லுங்கள். நீங்கள் குறித்த அளவுகளையும் காட்டுங்கள். பேச்சின் தொனியே மாறிவிடும்.

கேள்வி: பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா? வீட்டில் இருக்கும் கார் சார்ஜரில் போடலாமா?

பதில்: மூடி முத்திரையிட்ட மெயின்டனன்ஸ் ஃப்ரீ வகையைத் திறக்கவே கூடாது. மூடிகள் கொண்ட பழைய வகையில், பக்கவாட்டில் உள்ள இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்கும்படி டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய் நீர் வேண்டாம். ஆசிட்டும் வேண்டாம், குறைவது நீர்தான், ஆசிட் உள்ளேயேதான் இருக்கிறது. சார்ஜர் விஷயத்தில், கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பழைய, நம்பகமான விதி. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அரை ஆம்பியர். கார் சார்ஜரில் அவ்வளவு குறைக்க வழியில்லை என்றால் தொடாதீர்கள். எந்த சார்ஜராக இருந்தாலும் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது.

கேள்வி: செயின் கடகடவென்று அடிக்கிறது. செயினை மட்டும் மாற்றினால் போதாதா? பல்சக்கரங்களோடு செட்டாக மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகம்.

பதில்: இந்த முறை ஏமாற்றவில்லை. ஆனால் மாற்றியே ஆக வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். காய்ந்து, அழுக்கேறி, தொய்ந்து கிடக்கும் செயினும் இப்படித்தான் அடிக்கும். துடைத்து, எண்ணெய் இட்டு, தொய்வைச் சரிசெய்த பிறகும் சத்தம் நிற்கவில்லையா? பின்பக்கப் பல்சக்கரத்தின் கடைக்கோடியில், நடு உயரத்தில், செயினை விரலால் பிடித்துப் பின்னோக்கி இழுங்கள். பல்லில் பாதி கண்ணுக்குத் தெரிந்தால் செயினின் ஆயுள் முடிந்தது. பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் ஆகியிருந்தால் பல்சக்கரத்தின் ஆயுளும் முடிந்தது.

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளுக்குள் இருக்கும் 'பின்' என்ற ஊசியும் அதைச் சுற்றிய 'புஷ்' என்ற குழலும் தேய்கின்றன. 118 கண்ணிகள் கொண்ட செயினில் கண்ணிக்கு 0.1 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தத்தில் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர் கூடிவிடும். அந்தத் தேய்ந்த இடைவெளிக்கு ஏற்ப பற்களும் தேய்ந்து வடிவம் மாறியிருக்கும். அதில் புதுச் செயினை மாட்டினால், பழைய பற்கள் அதையும் சீக்கிரமே தங்கள் வழிக்குக் கொண்டுவந்துவிடும். சிக்கனம் என்று நினைத்து நானே ஒருமுறை செயினை மட்டும் மாற்றினேன். சில மாதங்களில் மொத்தத்தையும் வாங்க நேர்ந்தது.

வாங்கும்போது பெட்டியில் இருக்கும் எண்ணைப் படியுங்கள். 428 என்பதில் முதல் இலக்கம் கண்ணிகளின் இடைவெளி, எட்டில் ஒரு அங்குலக் கணக்கில். 4 என்றால் அரை அங்குலம், 520-இல் உள்ள 5 என்றால் எட்டில் ஐந்து அங்குலம். மற்ற இரண்டு இலக்கங்கள் அகலத்தைக் குறிப்பவை. இந்த எண்ணும் கண்ணிகளின் எண்ணிக்கையும் உங்கள் வண்டியின் கையேட்டோடு பொருந்த வேண்டும். கிளிப் போட்டு இணைக்கும் செயின் என்றால், கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கிறதா என்று மாட்டியதும் சரிபாருங்கள்.

கேள்வி: செயினுக்கு ஸ்ப்ரேதான் வேண்டுமா? சர்வீஸில் வடித்த பழைய இன்ஜின் ஆயிலைத் தடவினால் என்ன?

பதில்: பழைய ஆயிலில் உலோகத் துகள்கள் மிதக்கும், எண்ணெய் பூசுவதாக நினைத்து உப்புத்தாள் தேய்க்கிறீர்கள். ஸ்ப்ரே வசதியானது, அதிகம் தெறிக்காது. ஆனால் கட்டாயம் இல்லை. 90 கிரேடு கியர் ஆயிலும் நன்றாகவே வேலை செய்யும், என்ன, சக்கரத்தில் கொஞ்சம் தெறிக்கும். கண்ணிகளில் ரப்பர் வளையம் கொண்ட ஓ-ரிங் செயின் என்றால் கிரீஸ் உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கிறது; நீங்கள் இடுவது ரப்பர் காயாமலும் ரோலர்கள் துருப்பிடிக்காமலும் காக்க. அதைக் கம்பி பிரஷ்ஷாலும் பெட்ரோலாலும் துலக்காதீர்கள், ரப்பர் கெடும். மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஓட்டி வந்து செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில் இடுங்கள்; சுழலும்போது எண்ணெய் தானாக வெளிப்பக்கம் பரவும். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அதற்கு முன்பே.

சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் செயினைச் சுழல வைத்துத் துணியால் துடைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. துணி மாட்டினால் விரலும் சேர்ந்து போகும். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது.

கேள்வி: செயினை நன்றாக இறுக்கி வைத்தால் அடிக்கடி பார்க்க வேண்டியதில்லை அல்லவா?

பதில்: தொய்வைவிட இறுக்கம் ஆபத்து. ஆள் ஏறி உட்கார்ந்து, வண்டி பள்ளத்தில் அமுங்கும்போது முன் பல்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் இடையேயான தூரம் கூடும். விட்டுக்கொடுக்க இடமில்லாத செயின் கியர்பாக்ஸ் பேரிங்கை இழுத்துக் கெடுக்கும். பல சாதாரண பைக்குகளில் கீழ்ப்பக்கத்தின் நடுவே 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் கேட்பார்கள். உங்கள் வண்டியின் அளவு கையேட்டிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் உள்ள ஸ்டிக்கரிலோ இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, மிக இறுகும் இடத்தில் அளவுகோலை வையுங்கள். பின் அச்சின் இருபக்க அட்ஜஸ்டர் குறிகளும் சமமாக இருக்கட்டும். பின்பக்கம் டிரம் பிரேக் என்றால், சக்கரம் நகர்ந்ததால் அதன் பெடல் ஆட்டமும் மாறியிருக்கும். அதையும் சரிசெய்துவிட்டே தெருவில் இறங்குங்கள்.