பாளையங்கோட்டையில் மனை வாங்கும்போது வரிச் சந்தேகங்களை யாரிடம் கேட்பது?

பாளையங்கோட்டையில் 60 லட்சம் ரூபாய்க்கு வீட்டுமனை வாங்கவிருக்கும் தாங்கள், வரி பற்றி எந்த அலுவலகத்தை அணுக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குழப்பத்திற்குக் காரணம், இதில் இரண்டு துறைகள் இருப்பதுதான்.

முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் மாநிலப் பதிவுத்துறையைச் சேர்ந்தவை. அவற்றைப் பற்றி, மனை எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே கேட்க வேண்டும். போகுமுன் பதிவுத்துறை இணையதளத்தில் தெருப்பெயர் அல்லது சர்வே எண்ணைக் கொண்டு வழிகாட்டி மதிப்பை, அதாவது அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்திருக்கும் மதிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் "வரி எவ்வளவு?" என்று பொதுவாகக் கேட்பவருக்குப் பொதுவான பதிலே கிடைக்கும். பேசிய விலையைவிட வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதன் மீதே கணக்கிடுவார்கள். அந்த மதிப்பை ஏற்க இயலாவிடில், இந்திய முத்திரைச் சட்டத்தின் 47-ஏ பிரிவின்படி மதிப்பை முடிவுசெய்ய ஆவணம் தனித்துணை ஆட்சியருக்கு (முத்திரைத் தீர்வைக்கான அதிகாரி) அனுப்பப்படும். ஆவணத்தைத் திரும்பப் பெற நாளாகும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். ஆவண எழுத்தர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டுவது நம் பக்கத்து வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

விலை 50 லட்சத்தை எட்டுவதால், விற்பவருக்குத் தரும் தொகையில் 1 விழுக்காட்டை, அதாவது 60,000 ரூபாயைப் பிடித்து, அவருடைய நிரந்தரக் கணக்கு எண்ணைக் (பான்) குறிப்பிட்டு, மத்திய அரசின் வருமான வரித்துறைக்குத் தாங்களே செலுத்த வேண்டும். இதைச் சார்பதிவாளரிடம் கேட்டுப் பயனில்லை. தாமிரபரணிப் பாசனத்து நஞ்சை போன்ற கிராமப்புற விவசாய நிலத்திற்கு இந்தப் பிடித்தம் கிடையாது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் விதியே வேறு. முன்பணம் கொடுக்குமுன் பட்டயக் கணக்காளரைப் பார்த்துவிடுங்கள்.