சிடி19 என்றால் கோவிட் இல்லை

கேள்வி: அக்கா மகனுக்கு ஆறு வயது. ரத்தப் புற்றுநோய் என்று எலும்பு மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் ‘சிடி19 பாசிட்டிவ், சிடி10 பாசிட்டிவ், சிடி34 பாசிட்டிவ், சிடி3 நெகட்டிவ்’ என்று இருக்கிறது. கோவிட் 19-உம் சேர்ந்துவிட்டதா ஐயா? இத்தனை பாசிட்டிவ் என்றால் நோய் முற்றிவிட்டதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டும் இல்லை அம்மா. முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். நான் டாக்டர் இல்லை, 28 வருடம் ஆய்வக டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். பையனுக்கு எப்படிக் குணமாகும் என்பதை அவனுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த ரிப்போர்ட் எப்படித் தயாராகிறது என்பதை நான் சொல்கிறேன்.

மஜ்ஜையைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், முதிராத வெள்ளணுக்கள் எல்லாம் ஊதா நிறத்தில் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். இது பி செல் வகையா, டி செல் வகையா (இரண்டும் நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள்) என்று கண்ணால் பார்த்துச் சொல்லி நான் குட்டு வாங்கியிருக்கிறேன். ராத்திரி டிப்போவில் வரிசையாக நிற்கும் பஸ்களை நினைத்துக்கொள்ளுங்கள். எது எந்த ஊருக்கு என்று போர்டைப் பார்த்தால்தான் தெரியும். அணுவின் மேல்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் புரதங்கள்தான் அந்த போர்டு. சிடி19, சிடி10 எல்லாம் அந்தப் புரதங்களின் பெயர்கள்.

அதைப் படிக்க, ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடியைச் சில மைக்ரோலிட்டர் விடுவோம். சிடி19-க்கான ஆன்டிபாடி சிடி19-இல் மட்டும் போய் ஒட்டும். அப்புறம் ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற இயந்திரம் அணுக்களை ஒற்றை வரிசையில், நொடிக்கு ஆயிரக்கணக்கில், லேசர் முன்னால் ஓடவிடும். திரையில் புள்ளிகள் கூட்டம் கூட்டமாக வந்து விழும். ஒரு கூட்டம் ஒளிர்ந்தால் பாசிட்டிவ். அதாவது ‘அந்தப் புரதம் இருக்கிறது’, அவ்வளவுதான். ஆரோக்கியமான பி செல்லிலும் சிடி19 உண்டு. என் ரத்தத்தை ஓடவிட்டாலும் பாசிட்டிவ் வரும்.

சிடி-க்குப் பின்னால் வரும் எண்ணும் பஸ் நம்பர் மாதிரிதான், பெரிய எண் என்றால் மோசம் என்றில்லை. 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஒரே மாதிரி ஆன்டிபாடியை வேண்டிய அளவு தயாரிக்க வழி கண்டார்கள். உடனே ஆளாளுக்கு ஆன்டிபாடி செய்து, ஆளாளுக்குப் பெயர் வைத்தார்கள். டி4, ஓகேடி4, லூ3 என்று மூன்று பெயர், உள்ளே இருந்தது ஒரே புரதம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1982-இல் பாரிஸில் கூடிப் பொது எண் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் புரதம்தான் இன்றைய சிடி4. இப்போது எண்கள் 350-ஐத் தாண்டிவிட்டன.

சரி, பையனின் ரிப்போர்ட். சிடி3 டி செல்லின் அடையாளம், அது இல்லை. சிடி19 இருப்பதால் பி செல் வகை. சிடி34 முதிராத அணுவின் அடையாளம். சிடி10-உம் குழந்தைகளுக்கு வரும் இந்த வகையில் அடிக்கடி பார்ப்பதுதான். இந்த அடையாளங்களைப் படித்துத்தான் மருந்தைத் தீர்மானிப்பார்கள். சிகிச்சைக்குப் பிறகு மிச்சமிருக்கும் ஓரிரு புற்றணுக்களைத் தேடவும் இதே அடையாளங்கள் உதவும். பிளினாடுமோமாப் என்று ஒரு மருந்து இருக்கிறது. ஒரு கையால் புற்றணுவின் சிடி19-ஐயும், மறு கையால் டி செல்லின் சிடி3-ஐயும் பிடித்து இரண்டையும் பக்கத்தில் நிறுத்தும். டி செல் அடித்துவிடும். முதல்முறை படித்தபோது நான் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

கேள்வி: எச்.ஐ.வி.க்கு மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். ஜனவரியில் சிடி4 540, ஜூலையில் 465. மருந்து வேலை செய்யவில்லையா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது தம்பி. சிடி4 உள்ள டி செல்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை என்பதுதான் இந்த எண். ஒரே ஆளுக்குக் காலையில் ஒரு எண், சாயங்காலம் ஒரு எண் வரும். சளி, காய்ச்சல் இருந்தாலும் இறங்கும். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு, என்ன என்று டாக்டரிடம் கேளுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை அதுதான் நேராகச் சொல்லும்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. சிடி4-ஐப் பிடித்துக்கொண்டுதான் வைரஸ் அணுவுக்குள் நுழைகிறது. 2004-இல் அரசு இலவச மருந்து தொடங்கிய புதிதில், பெரும்பாலும் 200-க்குக் கீழே போனால்தான் மாத்திரை. 210 என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டு அந்த ஆளின் முகத்தைப் பார்க்க முடியாமல் குனிந்திருக்கிறேன். 2017-இலிருந்து எண் எதுவானாலும் மருந்து உண்டு.

ஆய்வகத்திலும் தப்பு நடக்கும். ஒருமுறை ஊதா மூடி போட்ட குழாய் ஒன்று ஐஸ் கட்டியோடு ஒட்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. இந்த ரத்தத்தை அறை வெப்பத்தில் வைக்க வேண்டும். குளிர்ந்ததில் அணுக்கள் கெட்டுப்போயிருந்தன. அந்த மனிதர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி வந்து கை நீட்டினார். அடுத்த முறையும் அதே ஆய்வகத்தில், அதே நேரத்தில் ரத்தம் கொடுங்கள். காய்ச்சலாக இருந்தால் தள்ளிவைக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.