கிச்சன் கேபினட்டுக்குப் புது நிறம், புதுப் பூச்சு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "என்ன கலர் அடிக்கலாம்?" என்றுதான் தொடங்குகின்றன. கதவு எதனால் ஆனது, இப்போது அதன்மேல் என்ன பூச்சு இருக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, மேடைக் கல்லும் தரையும் அப்படியே இருக்கப்போகின்றனவா என்பதையெல்லாம் முதலில் பாருங்கள். அவை தெரிந்துவிட்டால் ஷேட் கார்டில் உள்ள நிறங்களில் முக்கால்வாசி தானாக விலகிவிடும். மிச்சம் இருப்பதில் மனதுக்குப் பிடித்ததைத் தயங்காமல் எடுக்கலாம்.

கேள்வி: கடையில் பார்த்தபோது இதமான வெள்ளையாக இருந்த நிறம், கதவில் அடித்தபிறகு இரவில் மஞ்சளாகவும் பகலில் லேசான பச்சையாகவும் தெரிகிறது. பெயின்ட் கலவை தவறா?

கலவை சரியாகவே இருக்கும். வெள்ளை என்று விற்கப்படும் பூச்சு பெரும்பாலும் சுத்த வெள்ளை கிடையாது. ஒரு துளி மஞ்சளோ, சாம்பலோ, பச்சையோ, இளஞ்சிவப்போ அதில் கலந்திருக்கும். கட்டைவிரல் அளவு கார்டில் கண்ணுக்குப் படாத அந்தச் சாயல், பத்துப் பன்னிரண்டு கதவுகளில் பரவியதும் வெளியே வந்துவிடும். அடுத்த முறை வெற்று வெள்ளைத் தாள் ஒன்றைக் கார்டின் பக்கத்தில் ஒட்டினாற்போல் வைத்துப் பாருங்கள், மறைந்திருக்கும் சாயல் உடனே பிடிபடும்.

அப்புறம் விளக்கு. வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் என்ற அலகில் பல்பின் அட்டையில் குறிப்பார்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள பல்பு மஞ்சள் வெளிச்சம் தரும். 4000 நடுநிலை. 6500 நீலம் கலந்த வெளிச்சம். கடையில் ஒரு வகை, வீட்டில் இன்னொரு வகை என்றால் அதே பூச்சு வேறு நிறமாகத்தான் தெரியும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு விளக்கில் அச்சு அசலாகச் சேர்ந்துபோகும் இரண்டு பொருட்கள், வேறு விளக்கில் தனித்தனி நிறமாகப் பிரிந்துவிடலாம். பகலில் மேடைக் கல்லோடு பொருந்திய கேபினட் இரவில் பொருந்தாமல் போவது இதனால்தான். எனவே விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள், நிறத்தை அதன்கீழ் வைத்துத் தேர்ந்தெடுங்கள். பல்பு வாங்கும்போது அட்டையில் சி.ஆர்.ஐ. என்ற எண் 90 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனை அந்த எண் சொல்கிறது.

மாதிரி பார்க்கும் முறை எல்லோருக்கும் பயன்படும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஒரு அடிக்கு ஒரு அடி பிளைவுட் துண்டில் பிரைமர் அடித்து, நீங்கள் வாங்கப்போகும் அதே பளபளப்பில் இரண்டு கோட் அடியுங்கள். காய்ந்ததும் கதவு நிற்கும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மேஜையில் படுக்கவைத்துப் பார்த்தால் வெளிச்சம் வேறு கோணத்தில் விழுந்து ஏமாற்றும். மேடைக் கல்லுக்கு மேலே ஒருமுறை, தரைக்குப் பக்கத்தில் ஒருமுறை, மேல் கேபினட்டின் நிழல் விழும் இடத்தில் ஒருமுறை வையுங்கள். காலை, மதியம், விளக்கு போட்டபின் இரவு என்று மூன்று வேளையும் பாருங்கள். பழைய கதவின் மேலேயே ஒரு பட்டை அடித்துப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணைக் குழப்பிவிடும்.

உங்கள் வீட்டில் வேலை முடிந்துவிட்டது. மறுபடி பெயின்ட் டப்பாவைத் தேடும் முன் பல்புகளை மட்டும் 4000 கெல்வினுக்கு மாற்றி ஒரு வாரம் இருந்து பாருங்கள். இரவின் மஞ்சளில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். பகலின் பச்சை, ஜன்னலுக்கு வெளியே உள்ள மரத்திலிருந்தோ பச்சைச் சாயல் கொண்ட கல்லிலிருந்தோ திரும்பி வரும் ஒளியாகவும் இருக்கலாம்.

கேள்வி: மேட், சாட்டின், செமி கிளாஸ், கிளாஸ் – சமையலறைக்கு எது?

நிறத்தைவிட இந்தத் தேர்வுதான் பல வருடங்களுக்கு உங்களோடு இருக்கப்போகிறது. பூச்சின்மேல் 60 டிகிரி கோணத்தில் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து பளபளப்பை எண்ணாகக் குறிப்பார்கள். தோராயமாக 20 முதல் 35 வரை சாட்டின், 35 முதல் 70 வரை செமி கிளாஸ், அதற்கு மேல் கிளாஸ். பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனம் சாட்டின் என்று விற்பது, இன்னொன்றின் செமி கிளாஸ் அளவுக்கு மின்னும். தயாரிப்பின் தொழில்நுட்பக் குறிப்பில் அந்த எண் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது சாட்டின். ஈரத்துணியால் துடைக்க வரும், விரல் ரேகையை ஓரளவு மறைக்கும், பழைய கதவில் இருக்கும் சின்னச் சின்னப் பள்ளம் மேடுகளையும் காட்டிக்கொடுக்காது. அடுப்புக்குப் பக்கத்தில் தினமும் எண்ணெய்ப் பிசுக்கு படிகிறது, அடிக்கடி தேய்க்க வேண்டியிருக்கிறது என்றால் செமி கிளாஸுக்குப் போகலாம்.

உயர் பளபளப்பு அழகுதான். ஆனால் கதவு கண்ணாடிபோல் சமமாக இல்லாவிட்டால் ஒவ்வொரு குறையையும் அது வெளிச்சம் போட்டுக் காட்டும். பிரஷ்ஷால் அந்த அளவு வழவழப்பைக் கொண்டுவருவது கடினம். ஸ்ப்ரே வசதியும், பட்டி பார்த்துத் தேய்க்கும் பொறுமையும் வேண்டும்.

மேட் பூச்சில் ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மினுமினுப்பைக் குறைப்பதற்காக அதில் நுண்ணிய சிலிக்கா தூள் கலக்கப்படுகிறது. கைப்பிடியைச் சுற்றி அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தால் அந்தப் பரப்பு தேய்ந்து பளபளக்கத் தொடங்கும். கறுப்பு, கருநீலம், கரும்பச்சை போன்ற அடர் நிறங்களில் இந்தத் திட்டு கண்ணில் குத்தும். அடர் மேட்தான் வேண்டும் என்றால் கதவைத் தொடாமல் திறக்கும்படி நல்ல கைப்பிடி வையுங்கள்.

அதே சிலிக்கா டப்பாவின் அடியில் படியும். சாட்டினோ மேட்டோ எதுவானாலும் அடிவரை நன்றாகக் கலக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், நடுநடுவே மறுபடி கலக்குங்கள். கலக்காமல் அடித்தால் முதல் கதவு மின்னும், கடைசிக் கதவு மங்கலாக இருக்கும். டப்பாவைக் குலுக்கினால் நுரை சேரும், அதனால் குச்சியால் கிளறுவதே நல்லது.

கேள்வி: மரக் கதவுகளில் மிகக் கருமையான பாலிஷ் இருக்கிறது. வெளிர் மர நிறத்துக்கு மாற்ற ஆசை. மேலேயே லைட் ஸ்டெயின் அடித்தால் போதுமா?

போதாது. ஸ்டெயின் ஒளி ஊடுருவும் சாயம். இருப்பதை மேலும் கருமையாக்குமே தவிர வெளுப்பாக்காது. வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போவது எளிது, திரும்பி வருவதற்குப் பழைய பூச்சை முழுதாக எடுத்தாக வேண்டும்.

எடுக்கும் முன் கதவு முழு மரமா, வெனீர் எனப்படும் மெல்லிய மரத் தகடு ஒட்டிய பலகையா என்று பாருங்கள். கதவின் ஓரத்தில், மேற்பரப்பில் ஓடும் ரேகை விளிம்பைத் தாண்டித் தொடர்கிறதா என்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம். வெனீர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான் இருக்கும். மெஷின் வைத்துத் தேய்த்தால் சில நொடிகளில் அடிப்பலகை எட்டிப்பார்க்கும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. வெனீருக்கு ரசாயன நீக்கியும் கைத்தேய்ப்பும் மட்டுமே. பல பத்தாண்டு பழைய பெயின்ட் அடுக்கு இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. சோதித்துத் தெரிந்துகொள்ளும்வரை உலர்வாகத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல்.

நல்ல மரமாக இருந்தால் அதன்மேல் பெயின்ட் அடித்து மூடும் முன் ஒரே ஒரு கதவை மட்டும் சுத்தமாக்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பூச்சு போன வெறும் மரத்தை ஈரத்துணியால் ஒருமுறை துடையுங்கள். நனைந்தவுடன் தெரியும் நிறம்தான், ஏறக்குறைய, நிறமற்ற பூச்சு அடித்தபின் வரும் நிறம். பலருக்கு அதுவே பிடித்துப்போய்விடும், ஸ்டெயின் தேவைப்படாது. மேல்பூச்சாகத் தண்ணீர் அடிப்படையிலான பாலியூரித்தேனைத் தேர்ந்தெடுத்தால் வெளிர் நிறம் வெளிராகவே நிற்கும். எண்ணெய் அடிப்படையிலானது தேன் நிறச் சாயல் தரும், போகப்போக அது கூடும். தேக்கு இயல்பிலேயே எண்ணெய்ப்பசை உள்ள மரம். பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்துவிட்டால் பூச்சு நன்றாகப் பிடிக்கும். அந்த நேரத்தில் அடுப்பு எரியக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

வெள்ளை பெயின்ட்தான் என்று முடிவெடுத்தாலும் ஓக், மகாகனி போன்ற மரங்களில் இயல்பாகவே உள்ள டானின் என்ற கறைப்பொருள் சில வாரங்களில் பழுப்புக் கறையாக மேலே கசிந்து வரும். எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. ஷெல்லாக் (அரக்கு) கலந்த, கறையைத் தடுக்கும் பிரைமரை முதல் கோட்டாக அடிப்பதே தீர்வு. பைன் மரத்தின் கணுக்களுக்கும் இதே மருந்து.

கேள்வி: லேமினேட் ஒட்டிய கதவுகளுக்கு பெயின்ட் நிற்குமா?

நிற்கும், தயாரிப்பு சரியாக இருந்தால். முதலில் பிசுக்கு போகக் கழுவி, தண்ணீரால் அலசி, உலரவிடுங்கள். பிசுக்கோடு உப்புத்தாள் போட்டால் எண்ணெய் உள்ளே தேய்ந்து இறங்கும். பிறகு 180 அல்லது 220 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு மட்டும் போகும் அளவுக்குத் தேய்த்து, வழவழப்பான பரப்புக்கென்றே வரும் பிரைமரை அடியுங்கள். ஒரு கதவின் உள்பக்கத்தில் இதை முழுதாகச் செய்து சில நாள் காயவிட்டு, பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டமாகக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்த பிரைமர் உங்கள் லேமினேட்டுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். ஒரு கதவோடு அது தெரிந்துபோவது நல்லது.

லேமினேட்டில் மர ரேகை அச்சோடு மேடு பள்ளமும் இருந்தால் பெயின்டுக்கு மேலும் அது தெரியும். கதவு பி.வி.சி. படலம் போர்த்தியதாக இருந்து, ஓரங்கள் உரிந்திருந்தால் அதன்மேல் பூசாதீர்கள். படலத்தை உரித்து எடுத்துவிட்டு உள்ளே இருக்கும் எம்.டி.எஃப். பலகைக்கு (மர நார்களை அழுத்திச் செய்த பலகை) பூசுவதே சரி. அதன் வெட்டு விளிம்புகள் ஈரத்தை உறிஞ்சி உப்பும், விளிம்புக்கு பிரைமர் இரண்டு கோட் கொடுங்கள்.

கேள்வி: வெள்ளை எனாமல் அடித்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கதவின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட அதிகமாக மஞ்சளித்திருக்கிறது. வெயில் படாத இடம் எப்படி மஞ்சளாகும்?

வெயில் படாததால்தான். எண்ணெய் அடிப்படையிலான எனாமல் இருட்டில் மஞ்சளாகும், வெளிச்சம் பட்டால் ஓரளவு வெளுக்கும். வெள்ளைக்கும் வெளிர் சாம்பலுக்கும் தண்ணீர் அடிப்படையிலான கேபினட் எனாமல் வாங்குங்கள். சுவருக்கு அடிக்கும் சாதாரண எமல்ஷன் மட்டும் வேண்டாம். அது மெத்தென்றே இருக்கும், மூடிய கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு திறக்கும்போது உரிந்து வரும்.

கேள்வி: எங்களுடையது சிறிய, இருட்டான சமையலறை. மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று செய்தால் இன்னும் சின்னதாகத் தெரியுமா?

அடர் நிறம் கீழே, வெளிர் நிறம் மேலே என்று வைத்தால் அப்படித் தெரியாது. கண் மட்டத்தில் வெளிச்சம் திரும்பினால் அறை விரிந்ததுபோல் இருக்கும். பல நிறுவனங்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்ற எண்ணைக் கொடுக்கின்றன. 0 என்றால் முழுக் கறுப்பு, 100 என்றால் விழும் ஒளி முழுவதையும் திருப்பும் வெள்ளை. இருட்டான அறையில் மேல் கேபினட்டுக்கு 70க்கு மேல் தேடுங்கள். கீழே 15, 20 என்று இறங்கினாலும் கவலையில்லை. கால் இடிபடும் கீழ்ப்பகுதியில் கறையும் கீறலும் உடனே தெரியாது என்பது கூடுதல் வசதி.

ஒரே நிறக் குடும்பத்தில் இரண்டு அடர்த்திகளை எடுப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. தரையும் மேடையும் ஏற்கெனவே இரண்டு நிறங்கள். அதோடு சம்பந்தமில்லாத இன்னும் இரண்டு சேர்ந்தால் சின்ன அறை தாங்காது. கல்லில் புள்ளியும் கோடும் நிறைய இருந்தால், அந்தப் புள்ளிகளில் ஒன்றின் நிறத்தையே கீழ் கேபினட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிவப்பு நிறம் மூன்று கோட் அடித்தும் அடியில் இருக்கும் வெள்ளை தெரிகிறது.

பிரகாசமான சிவப்பு, மஞ்சள் நிறமிகளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. அடர் நிறங்களுக்கான அடிப்படைப் பெயின்டிலும், அடியில் இருப்பதை மறைக்கும் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு மிகக் குறைவாகவே இருக்கும். வெள்ளை பிரைமருக்குப் பதில் சாம்பல் நிறம் கலந்த பிரைமர் அடித்திருந்தால் இரண்டு கோட்டில் முடிந்திருக்கும். இப்போது 320 நம்பர் தாளால் லேசாகத் தேய்த்து இன்னும் ஒன்றிரண்டு கோட் மெல்லியதாக அடியுங்கள். தடிமனாக அடித்து ஒரே தடவையில் முடிக்கப் பார்த்தால் வழிந்துவிடும்.

கேள்வி: கைப்பிடிகளையும் மாற்றப்போகிறோம். பெயின்டுக்கு முன்பா, பின்பா?

தேர்ந்தெடுப்பது முன்பு, மாட்டுவது பின்பு. கைப்பிடித் துளைகளின் இடைவெளி பெரும்பாலும் 96, 128, 160 மில்லிமீட்டர் என்று வரும். அதே இடைவெளியில் புதியது கிடைத்தால் வேலை மிச்சம். இல்லையென்றால் பழைய துளைகளை பிரைமருக்கு முன்பே பட்டி வைத்து அடைத்துத் தேய்த்துவிட வேண்டும்.

கேள்வி: பூச்சு காய்ந்துவிட்டது என்கிறார் பெயின்டர். ஆனால் நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிறது. எப்போது பழையபடி புழங்கலாம்?

தொட்டால் ஒட்டாமல் இருப்பது வேறு, முழுதாக இறுகுவது வேறு. தண்ணீர் அடிப்படையிலான எனாமல் சில மணி நேரத்தில் தொடும் அளவுக்குக் காயும். உள்வரை கெட்டிப்பட மூன்று நான்கு வாரங்கள்கூட ஆகலாம். ஈரப்பதம் அதிகமுள்ள நாட்களில் இன்னும் தள்ளிப்போகும். கதவுகளை அடுத்த நாளே மாட்டலாம், மெதுவாகத் திறந்து மூடலாம். மூடும் இடத்தில் சின்ன ரப்பர் பொட்டுகளை ஒட்டிவிட்டால் சட்டத்தில் ஒட்டிக்கொள்ளாது. உள் தட்டுகளில் கனமான பாத்திரங்களை ஒரு வாரமாவது அடுக்காதீர்கள், அடித்தடம் பதிந்துவிடும். முதல் மாதம் சோப்பு, கிளீனர் எதுவும் வேண்டாம், தண்ணீரில் பிழிந்த மெல்லிய துணி போதும். அதன் பிறகும் சொரசொரப்பான நாரைக் கதவுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.