கேள்வி – பதில்: நியூட்ரான் மீட்டர் ஏன் கூடுதலாகக் காட்டுகிறது?

மும்பையில் கதிர்வீச்சுக் கருவிகளோடு வேலை செய்யும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

வாஷி வாசகர்: 1 கியூரி (கதிரியக்க அளவின் அலகு) அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸை, அதாவது நியூட்ரான் வெளியிடும் கதிரியக்க மூலத்தை, வைத்து நியூட்ரான் சர்வே மீட்டரைச் சோதிக்கிறோம். 1 மீட்டர் தூரத்தில் கணக்குக்கு மேல் காட்டுகிறது. மீட்டர் பழுதா, சோர்ஸ் தப்பா?

இரண்டையும் விடுங்கள், முதலில் அறையைச் சந்தேகப்படுங்கள். 1 கியூரி சோர்ஸ் வினாடிக்கு ஏறத்தாழ 22 லட்சம் நியூட்ரான்களை விடும். 1 மீட்டரில் அது மணிக்குச் சுமார் 25 மைக்ரோசீவர்ட் (உடலுக்கு ஏற்படும் கதிர்வீச்சு அளவின் அலகு). அமெரிசியமும் பெரிலியமும் எவ்வளவு நன்றாகக் கலந்திருக்கின்றன என்பதைப் பொறுத்து இது சோர்ஸுக்கு சோர்ஸ் மாறும். அதனால் கியூரியை நம்பிக் கணக்குப் போடாமல், சான்றிதழில் உள்ள நியூட்ரான் வெளியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அது சரியாக இருந்தும் மீட்டர் கூடக் காட்டினால் காரணம் கான்கிரீட். சுவர், தரை, கூரை எல்லாம் நியூட்ரான்களைத் திருப்பி அனுப்புகின்றன. நேரடி நியூட்ரான் தூரத்தின் வர்க்கத்துக்கேற்பக் குறையும். சிதறி வருவது அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். 50, 75, 100, 150, 200 சென்டிமீட்டரில் அளந்து, ஒவ்வொரு அளவையும் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குங்கள். விடை எல்லா இடத்திலும் ஒன்றாக இருந்தால் சிதறல் இல்லை. தூரம் கூடக் கூட விடையும் ஏறினால், அதைத் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறியுங்கள். நேர்கோட்டைத் தூரம் பூஜ்யமாகும் இடம் வரை நீட்டினால், அங்கே அது காட்டும் மதிப்புதான் சுவரின் பங்கு நீங்கிய அளவு.

வசதி இருந்தால் ஷேடோ கோன் வாங்குங்கள்: 20 சென்டிமீட்டர் இரும்பு, அதன் பின்னால் 30 சென்டிமீட்டர் போரான் கலந்த பாலிதீன். சோர்ஸுக்கும் மீட்டருக்கும் நடுவில் வைத்தால் நேர்க்கதிர் நின்றுவிடும். மீட்டர் காட்டுவது சிதறல் மட்டும். கோன் இல்லாமல் எடுத்த அளவிலிருந்து அதைக் கழியுங்கள். அறைச் சிதறல் 40 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் அளவுத்திருத்தம் (மீட்டரின் காட்டலைச் சரியான அளவோடு ஒப்பிட்டுத் திருத்துவது) கூடாது என்பது ஐஎஸ்ஓ 8529 என்ற சர்வதேசத் தரநிலையின் வழிகாட்டல். சிறிய அறைகள் பலவும் இங்கேதான் தோற்கின்றன.

இன்னும் சில: தூரத்தை மீட்டரில் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும் பாலிதீன் கோளத்தின் மையத்திலிருந்து அளக்க வேண்டும், மேற்பரப்பிலிருந்து அல்ல. சோர்ஸ் குப்பி உருளையாக இருந்தால் அதன் பக்கவாட்டு மீட்டரைப் பார்க்கட்டும். நுனிப்பக்கம் வெளியீடு வேறுபடும். மேஜை வேண்டாம், மெல்லிய அலுமினிய ஸ்டாண்ட் போதும். ஆட்கள் வெளியே நிற்கட்டும், மனித உடலும் நியூட்ரானைச் சிதறடிக்கும்.

சயான் வாசகர்: ஜூன், ஜூலையில் சோர்ஸ் அறையில் இல்லாமலேயே எண்ணிக்கை ஏறுகிறது.

மழைக்கால ஈரப்பதம்தான் பெரும்பாலும் காரணம். மீட்டருக்குள் நியூட்ரானை உணரும் ஹீலியம்-3 வாயுக் குழாய்க்குப் போகும் உயர் மின்னழுத்த இணைப்பியில் ஈரம் படிந்தால் மின்கசிவு ஏற்பட்டு, நியூட்ரான் பட்டதுபோலப் பொய்த் துடிப்புகள் வரும். இணைப்பியைக் கழற்றி ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்துங்கள். மீட்டரைச் சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில் வையுங்கள். கடல்மட்டத்தில் பின்னணி எண்ணிக்கை வழக்கமாக நிமிடத்துக்கு ஓரிரண்டுதான். அதற்கு மேல் ஏறினால் அந்த மீட்டரை ஆள் பாதுகாப்புக்குக் கொடுக்காதீர்கள். பிறகு சீசியம்-137 கொண்டு காமாவை மட்டும் காட்டிப் பாருங்கள். கையேடு அனுமதிக்கும் காமா அளவில் நியூட்ரான் எண்ணிக்கை அசையக்கூடாது. அசைந்தால் டிஸ்கிரிமினேட்டர் (சிறிய துடிப்புகளை ஒதுக்கும் வரம்பு) மிகக் கீழே இருக்கிறது.

பரேல் மருத்துவ இயற்பியலாளர்: கலிஃபோர்னியம்-252 வாங்கலாமா, அமெரிசியம்-பெரிலியமா? லினாக் (புற்றுநோய்க் கதிர்சிகிச்சை இயந்திரம்) அறைக் கதவருகே அளக்கும் மீட்டருக்காக.

கலிஃபோர்னியம் விடும் நியூட்ரான்களின் சராசரி ஆற்றல் சுமார் 2 எம்இவி (மெகா எலக்ட்ரான் வோல்ட், ஆற்றலின் அலகு), அமெரிசியம்-பெரிலியத்துக்கு 4-க்குச் சற்று மேல். கதவருகே வரும் நியூட்ரான்கள், இயந்திரத்திலிருந்து கதவுக்கு வரும் வளைந்த பாதையின் சுவர்களில் மோதி மோதி இரண்டையும்விட ஆற்றல் குறைந்தவை. இடைப்பட்ட ஆற்றல்களில் இத்தகைய மீட்டர்கள் பொதுவாகக் கூடுதலாகக் காட்டும். எனவே எந்த சோர்ஸால் திருத்தினாலும் அதில் கிடைக்கும் திருத்தக் காரணி கதவருகே அப்படியே பொருந்தாது.

செலவைப் பார்த்தால், கலிஃபோர்னியத்தின் அரை ஆயுள் 2.645 ஆண்டு. ஒரு வருடத்தில் 23 சதவீதம் போய்விடும், பத்து வருடத்தில் மிஞ்சுவது 7 சதவீதம்தான். நாள்பட்ட சோர்ஸில் கலிஃபோர்னியம்-250-இன் பங்கும் சேர்வதால் தேய்மானக் கணக்கே பிசகும். அமெரிசியத்துக்கு 432 ஆண்டு. எங்கள் பரிந்துரை அதுவே. வாங்கும்போதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஈலோரா (eLORA) இணையத்தளத்தில் உரிமம், பயன்பாடு முடிந்தபின் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு இரண்டையும் முடித்துவிடுங்கள்.

செம்பூர் மாணவி: சோர்ஸ் பெட்டியில் ஈயத்துக்குப் பதில் மெழுகு ஏன்?

கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் காயில் மோதினால் வேகம் போகும், கட்டையில் மோதினால் திரும்பி வரும். நியூட்ரானுக்கு ஏறக்குறைய சம எடை உள்ளது மெழுகிலுள்ள ஹைட்ரஜன், ஈயம் கட்டையைப்போல. வேகம் குறைந்த நியூட்ரானை ஹைட்ரஜன் பிடித்துக்கொள்ளும்போது 2.2 எம்இவி காமா கிளம்பும். அதனால் பெட்டியை எடுக்கும்முன் நியூட்ரான் மீட்டர், காமா மீட்டர் இரண்டாலும் அளக்க வேண்டும்.