கலப்புத் தோட்டத் தேக்குக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: பெங்களூரு பானஸ்வாடியில் வீடு கட்டுகிறோம். நிலைக்கும் கதவுக்கும் உருட்டுத் தேக்கு பார்க்க மைசூர் ரோடு பக்கம் போனோம். தேக்கு மட்டும் நட்ட தோட்டத்தில் வெட்டியது ஒரு லாட், மற்ற மரங்களோடு வளர்ந்தது இன்னொரு லாட். "கலப்பு மரம் சார், வைரம் (நடுவில் இருக்கும் கருமரம்) கெட்டி, பட்டை மெல்லிசு" என்று கன அடிக்கு 200 ரூபாய் கூடக் கேட்கிறார்கள். நியாயமா?

பதில்: 'கலப்பு' என்ற பேச்சுக்காக ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கட்டையின் வெட்டுமுகத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

கலந்து நட்டால் பலன் உண்டு, ஆனால் கூட நின்றது என்ன மரம் என்பதைப் பொறுத்தது. தேக்கு வெயில் கேட்கும் மரம். பக்கத்து மரங்கள் அதைவிடக் குட்டையாக நின்று அடித்தண்டுக்கு மட்டும் நிழல் தந்தால், கீழ்க்கிளைகள் சிறுசிலேயே காய்ந்து உதிரும்; கணு குறையும். அவை தேக்கை முந்திவிட்டால் தேக்கு வெளிச்சம் தேடிச் சாயும். சாய்ந்த மரத்தை அறுத்தால் பஞ்சு பஞ்சாக நார் எழும், பலகை காய்ந்ததும் முறுக்கும். வளையங்களின் மையம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் அந்தக் கட்டையை விட்டுவிடுங்கள். தேக்கு மட்டுமே உள்ள தோட்டத்திலும் நெருக்கி நட்டு, காலாகாலத்தில் இடைமரங்களை வெட்டிக் கலைத்திருந்தால் நேரான மரமே கிடைக்கும். மொத்தமாக ஒரே தடவையில் கலைத்தால்தான் வம்பு: வெயில் பட்ட தண்டெல்லாம் புதுக்கிளை விட்டு, சின்னச் சின்னக் கணுவாக நிற்கும்.

வைரத்துக்கு முக்கியம் மரத்தின் வயது. 12 அங்குல விட்டமுள்ள கட்டையில் சுற்றிலும் 2 அங்குலம் வெள்ளை (வைரத்துக்கு வெளியே இருக்கும் வெளிர் மரம்) இருந்தால், வைரம் பாதிகூடத் தேறாது, 44 சதவீதம்தான். கரையானைத் தாங்குவது வைரம் மட்டுமே. நிலைச்சட்டத்தில் வெள்ளை வரவே கூடாது.

பட்டை மெல்லிசாக இருப்பது மரத்தின் தரத்துக்கு அத்தாட்சி ஆகாது, அளவில்தான் அது விளையாடும். கன அடி கணக்கிட, சுற்றளவில் கால் பங்கை அதாலேயே பெருக்கி நீளத்தால் பெருக்குவது வழக்கம். 48 அங்குலச் சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. பட்டை அரை அங்குலக் கனம் இருந்தால், உரித்து அளக்கும்போது 8.7தான் வரும். ஒன்றேகால் கன அடிக்கு மேல் பட்டைக்கே காசு! நாடா பிடிக்கும் இடத்தில் பட்டையைச் செதுக்கச் சொல்லுங்கள்.

பட்டையில் வேறு சங்கதிகளும் தெரியும். கோடுகள் தண்டைச் சுற்றிச் சுற்றி ஏறினால் உள்ளே நாரும் அப்படியே ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். புடைப்புக்கு அடியில் பெரும்பாலும் மூடிப்போன கணு இருக்கும். துளையும் மரத்தூளும் தெரிந்தால் துளைப்பான் புழு.

கேள்வி: குடகு காபித் தோட்டத்து சில்வர் ஓக் மலிவாக வருகிறது. அதில் நிலை போடலாமா?

பதில்: வேண்டாம். காபிக்கு நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் நிற்கும் மரம் அது. நிழலைச் சரிசெய்யக் கிளை கழித்துக்கொண்டே இருப்பதால் கணு அதிகம். கரையானையும் தாங்காது. மருந்தடித்து, நன்றாக உலர்த்தி, உள்ளறைக் கட்டிலுக்கோ அலமாரிக்கோ போடலாம்.