வாசகர் கேள்வி: சீண்டிய பிள்ளை காதலிக்கும்போது

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. தரம் 8 படித்தபோது, ஒரு மாணவனை நண்பர்களோடு சேர்ந்து மாதக்கணக்கில் கேலி செய்து ஒதுக்கி வைத்தான் என்று பள்ளியில் எங்களை அழைத்துப் பேசினார்கள். இப்போது உடன்படிக்கும் பெண்ணொருத்தியோடு பழகுகிறான். அவளுடைய கைபேசியின் கடவுச்சொல்லை வாங்கி வைத்திருக்கிறான், "யாரோடு பேசினாய்?" என்று அதட்டுவதும் என் காதில் விழுந்தது. பழைய குணம்தான் தொடர்கிறதா, அல்லது நான் வீணாகப் பயப்படுகிறேனா?
– ஒரு தாய், ஸ்காபரோ, கனடா

பதில்: உங்கள் பயம் வீணானதன்று. "கை நீட்டவில்லையே" என்று பலர் ஆறுதல் சொல்லக்கூடும்; அந்த ஆறுதலை நம்பாதீர்கள். பள்ளிகளில் ஒருவரைத் தொடர்ந்து சீண்டி வதைக்கும் 'புல்லியிங்' பழக்கத்தை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவரான டான் ஓல்வேயுஸ், வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, வதைக்கப்படுபவர் ஈடுகொடுக்க முடியாத அளவுக்கு வலுவில் ஏற்றத்தாழ்வு இருப்பது ஆகிய மூன்றையும் அதன் அடையாளங்களாகக் கூறினார். முன்கோபம் வயதோடு தணியலாம்; ஆனால் ஒருவரை அடக்கி வைப்பதால் நண்பர்களிடையே மதிப்பு கூடும் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, அந்தப் பாடத்தை அடுத்த உறவுக்கும் எடுத்துச் செல்லக்கூடும். கடவுச்சொல்லைக் கேட்பது அதே வலுவின் இன்னொரு வடிவம்தான்.

உங்கள் ஊரிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ரொறன்ரோவில் ஜெனிபர் கொனலி, டெப்ரா பெப்ளர் முதலானோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், சகமாணவரை வதைத்த பிள்ளைகள் மற்றவர்களைவிட முன்னதாகவே காதல் பழக்கத்தைத் தொடங்கியதும், காதலன் அல்லது காதலியிடம் உடல்ரீதியாகவும் பிற வழிகளிலும் கூடுதலாக வன்மம் காட்டியதும் தெரியவந்தன. அதற்காக, சீண்டிய பிள்ளைகள் எல்லோரும் அடிக்கும் காதலர்களாவார்கள் என்று கொள்ளக்கூடாது. ஆபத்து கூடுகிறது என்பது மட்டுமே அதன் பொருள்.

இனி, நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல். பிள்ளைகளின் காதல் பெரும்பாலும் பெற்றோருக்குத் தெரியாமல்தான் நடக்கிறது. அந்தப் பெண்ணின் வீட்டிலும் தெரியாதிருந்தால், "உன் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்" என்ற ஒற்றை மிரட்டலே உங்கள் மகன் கையில் பெரிய ஆயுதமாகிவிடும். ஆகவே பழக்கத்தையே நிறுத்து என்று அதட்டினால், அது இன்னும் மறைவிடத்துக்குப் போகும். அவளுக்கோ வாய்திறக்க வழியே இருக்காது. மாறாக, கடவுச்சொல்லைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். அவள் அதை மாற்றிக்கொள்ளட்டும் என்றும் அவனிடம் கூறுங்கள். தரம் 8இல் நடந்ததையும் இதையும் ஒரே பேச்சில் இணைத்துப் பேசுங்கள். அவன் முகம் சுளிப்பான், பரவாயில்லை.

இது மாற்றமுடியாத குணமன்று என்பதற்கும் உங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலேயே சான்று உண்டு. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பாடம் உறவு என்ற பொருளில் பெயரிடப்பட்ட 'ஃபோர்த் ஆர்' பாடத்திட்டத்தை, டேவிட் வுல்ஃப் குழுவினர் 20 பள்ளிகளில் சோதித்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டரை ஆண்டுகளுக்குப் பின், காதல் உறவில் வன்முறை செய்ததாகச் சொன்ன ஆண்பிள்ளைகள், அப்பாடத்தைப் படிக்காதவர்களில் 7.1 சதவீதமாகவும் படித்தவர்களில் 2.7 சதவீதமாகவும் இருந்தனர். பெண்பிள்ளைகளிடம் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. மகனின் பள்ளியில் இப்பாடம் உண்டா என்று வழிகாட்டல் ஆசிரியரைக் கேளுங்கள்.

கேள்வி: வதைக்கப்பட்ட பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டா?
– ஒரு வாசகர், மார்க்கம்

பதில்: உண்டு. ஒதுக்கப்பட்டுப் பழகிய பிள்ளை, தன்னைத் தேர்ந்தெடுத்த ஒருவரை இழக்க அஞ்சி அதட்டலையும் அன்பென்றே எண்ணிச் சகித்துக்கொள்ளலாம். வீட்டில் பேச முடியாத பிள்ளைகள் கனடாவில் எந்த நேரமும் கிட்ஸ் ஹெல்ப் போன் சேவையை 1-800-668-6868 என்ற எண்ணில் அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.