இஞ்சி பீரும் பாலக்காட்டு வெயிலும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

இஞ்சியும் சர்க்கரையும் புளிக்கவைத்து வீட்டில் இஞ்சி பீர் போடுவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இங்கே கொழிஞ்சாம்பாறையில் நானும் ஆரம்பித்தேன். முதல் தடவை பழைய பிராந்தி பாட்டில்களில் ஊற்றி, இறுக்கி மூடி, மூன்று நாள் சமையலறை மேடையில் வைத்தேன். ராத்திரி ஒன்று வெடித்தது. யாரும் பக்கத்தில் இல்லை, ஆனால் அம்மா இன்னும் அலமாரிக்குப் பின்னாலிருந்து கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த தடவை ஒரு குமிழிகூட வரவில்லை. இஞ்சி கொதித்த தண்ணீர் சூடாக இருக்கும்போதே உறையை (இஞ்சியும் சர்க்கரையும் போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரை) கலந்தேன், அதனாலா? இப்போது உறையின் மேல் வெள்ளையாக ஆடை படிந்திருக்கிறது. கொட்டிவிடவா? கோலி சோடா பாட்டில் கொஞ்சம் கிடைக்கும், அதில் அடைக்கலாமா?

மியூனிக்கில் இருக்கும் தம்பி வீட்டிலேயே பார்லி பீர் போடுகிறான். அவன் சொல்லும் நாள் கணக்கு எதுவும் இங்கே ஒத்து வருவதில்லை. ஆனாலும் அதையும் ஒரு தடவை போட்டுப் பார்க்க ஆசை.

எம்.

அன்புள்ள எம்.,

முதலில் அம்மாவிடம் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

பிராந்தி பாட்டில் அழுத்தம் தாங்குவதற்குச் செய்ததல்ல, அது வெடிக்கத்தான் செய்யும். ஆனால் சோடா பாட்டிலாக இருந்தாலும் மூன்று நாள் உங்கள் ஊர் வெயிலில் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை முழுதாகப் புளித்தால் ஒரு லிட்டருக்குமேல் வாயு வரும். நாம் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போடுகிறோம். அத்தனையும் புளித்தால் 25 லிட்டருக்கும் அதிகமான வாயு அந்த ஒரு பாட்டிலுக்குள் அடைபட வேண்டும். கடை சோடாவில் இருப்பது லிட்டருக்கு நாலு லிட்டர் வாயுதான்.

உங்கள் தம்பியின் கணக்கு ஒத்து வராததற்கும் இதுதான் காரணம். பார்லி பீரில் சர்க்கரை எல்லாம் தீர்ந்து, அதைத் தின்று வாயு விடும் ஈஸ்ட் ஓய்ந்த பிறகுதான் பாட்டிலில் அடைப்பார்கள். நுரைக்காக லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை மட்டும் அப்போது சேர்ப்பார்கள். அது தீர்ந்ததும் வாயுவும் நின்றுவிடும், அவர் வாரக்கணக்கில் பயமில்லாமல் வைத்திருக்கலாம். இஞ்சி பீரை இனிப்போடு குடிக்க வேண்டும் என்பதால் சர்க்கரை நிறைய இருக்கும்போதே அடைக்கிறோம். அதை நிறுத்த நம்மிடம் இருப்பது குளிர் ஒன்றுதான். மியூனிக் சமையலறையில் 20 டிகிரி, அங்கே மூன்று நாள் சரி. மார்ச்சில் பாலக்காட்டுக் கணவாயில் சில நாள் 40 டிகிரியைத் தொடும். இட்லி மாவை மார்கழியில் வைப்பதுபோல சித்திரையில் யாராவது ராத்திரி முழுக்க வெளியே வைப்பார்களா?

ஆகவே நாளை எண்ணாதீர்கள், பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். கண்ணாடியே வேண்டாம், காலி கோலா பிளாஸ்டிக் பாட்டில் போதும். காலையில் அடைத்தால் மாலையில் ஒரு தடவை அமுக்குங்கள். விரல் அமுங்கவில்லை என்றால் உடனே ஃபிரிட்ஜ். அதற்குப் பிறகும் ஈஸ்ட் முழுதாகத் தூங்குவதில்லை. கரண்ட் நீண்ட நேரம் போன அன்று திரும்ப அமுக்கிப் பாருங்கள், ஒரு வாரத்துக்குள் குடித்தும் விடுங்கள். திறக்கும் முன் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், இஞ்சித் துருவலைத் துணியில் வடிகட்டியிருக்கவும் வேண்டும். துருவல் கிடந்தால் ஒவ்வொரு துணுக்கிலும் வாயு பிடித்துக்கொண்டு மொத்தமும் பொங்கி மேசைக்கு வந்துவிடும்.

இதெல்லாம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். உங்கள் சித்தூர் தாலுக்காவிலிருந்துதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் போகிறது. மரத்தில் பானைக்குள் சொட்டும்போதே புளிப்பு தொடங்கிவிடும். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கள் ஏற்றிய கேனின் மூடியை யாராவது இறுக்கித் திருகிப் பார்த்திருக்கிறீர்களா? வெயிலுக்கும் வாயுவுக்கும் உள்ள உறவு அவர்களுக்கு அத்துப்படி. எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில், 1987 முதல் கள்ளே கிடையாது, அதனால் நாங்கள்தான் இணையத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

குமிழி வராததற்கு நீங்கள் சொன்ன சூடுதான் காரணம், ஈஸ்ட் வெந்துவிட்டது. கை வைத்தால் சூடே தெரியக் கூடாது, அப்புறம்தான் உறை.

ஆடையைப் பற்றி. தட்டையாக, வெள்ளையாக, சுருக்கம் விழுந்து இருந்தால் அது காற்றுபட்டு வளரும் வேறு வகை ஈஸ்ட். வழித்துப் போட்டுவிட்டு, புது இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்து, நாளுக்கு இரண்டு தடவை கிளறுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ, பஞ்சு மாதிரி முடி முளைத்திருந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள். இஞ்சியை மட்டும் தோல் சீவாமல் போடுங்கள், நமக்கு வேண்டிய ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. இங்கிலாந்தில் இஞ்சி பீருக்கு உறையாக வீட்டுக்கு வீடு கைமாறிய ஒரு கட்டியை ஹாரி மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் ஆராய்ந்து, அதில் ஒரு ஈஸ்டும் ஒரு பாக்டீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன என்று 1892இல் எழுதினார். இதே மனிதர்தான் அதற்குப் பத்து வருஷம் முன்பு இலங்கைக்குப் போய், காப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோயை ஆராய்ந்தவர். அந்த நோய்க்குப் பிறகுதான் அங்கே தேயிலை பரவியது. நம் ஆட்கள் எத்தனை பேரின் குடும்பக் கதை அந்தப் பூஞ்சையில் இருக்கிறது!

கோலி சோடா பாட்டில் ஆசை எனக்கும் உண்டு, ஆனால் இதற்கு ஆகாது. உள்ளே அழுத்தம் ஏற்கெனவே இருந்தால்தான் கோலி மேலே ஏறி வாயை அடைக்கும். நம் சரக்கில் வாயு மெதுவாக ஊறுவதால் கோலி கீழேயே கிடக்கும், எல்லாம் வெளியே போய்விடும். அந்தக் கழுத்துக்குள் தேய்த்துக் கழுவுவதும் பெரும்பாடு.

பார்லி பீர் வேண்டாம். ஜெர்மனியில் சொந்தக் குடிப்புக்கு 2024 முதல் வருஷத்துக்கு 500 லிட்டர்வரை வரியில்லாமல் போடலாம். இங்கே எல்லைக்கு எந்தப் பக்கமும் லைசன்ஸ் இல்லாமல் முடியாது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கும் வைனுக்கே 2019இல் கேரள எக்சைஸ் எச்சரிக்கை விட்டது. இஞ்சி பீரும் வாரக்கணக்கில் வெளியே கிடந்தால் சாராயச் சத்து ஏறி அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும், குளிரில் வைக்க அதுவும் ஒரு காரணம். சட்டத்தை விடுங்கள், 35 டிகிரியில் பீர் ஈஸ்ட் நெயில் பாலிஷ் வாடையைத்தான் கிளப்பும். தம்பி பக்கெட்டை ஐஸ் தண்ணீரில் உட்காரவைக்கச் சொல்வார், கேட்காதீர்கள்.

அவர் ஊருக்கு வரும்போது ஒரு சின்னப் பொட்டலம் காய்ந்த ஹாப்ஸ், அதாவது பீருக்குக் கசப்பு தரும் கொடிப்பூ, கொண்டுவரச் சொல்லுங்கள். இஞ்சி கொதிக்கும்போது ஒரு சிட்டிகை போட்டால் பீரின் கசப்பு வரும். புளிப்பேற்றும் பாக்டீரியாக்களையும் அது கொஞ்சம் அடக்கிவைக்கும். அதிகமாகப் போட்டால் கஷாயமாகிவிடும். எப்படி வந்தது என்று எழுதுங்கள்.